செஸ்கி க்ரும்லோவில் ஓர் இரவு தங்க விடுங்கள்: ஐரோப்பியக் குழுப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். பிராக் நகரிலிருந்து வியன்னாவுக்கோ சால்ஸ்பர்க்குக்கோ பேருந்தில் போகிற நாளில், இடையில் இறக்கிவிட்டு இரண்டு மணி நேரத்தில் மீண்டும் ஏற்றிக்கொள்ளும் ஊராகவே செக் நாட்டின் செஸ்கி க்ரும்லோவ் பல பயணத் திட்டங்களில் இருக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கும்படி அத்திட்டங்களை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிராக்குக்குத் தெற்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 13,000 பேர் வாழும் சிற்றூர் அது. வுல்தாவா ஆறு குதிரை லாடம் போல வளைந்து பழைய நகரைச் சூழ்ந்து ஓட, எதிர்க்கரைப் பாறைமீது கோட்டை நீண்டு கிடக்கிறது. 1302 முதல் முந்நூறு ஆண்டுகள் ரோசன்பெர்க் குடும்பமும், பின்னர் எக்கன்பெர்க், ஷ்வார்சன்பெர்க் குடும்பங்களும் ஆண்ட இவ்வூரின் பழைய நகரை 1992இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டு மணி நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து எல்லோரும் இறங்கி வந்து சேர்வதற்கே கால் மணி நேரம் ஆகிறது. கழிப்பறை வரிசையில் இன்னொரு கால் மணி போகிறது. மூட்டுவலியோடு வந்திருக்கும் பெரியவர்கள் ஏற்ற இறக்கமான கல் பாவிய தெருக்களில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பின்தங்கிவிடுவோமோ என்ற பதற்றத்தில் தரையை மட்டுமே பார்த்து நடக்கிறார்கள். கோட்டை அகழியில் வளர்க்கப்படும் கரடிகளை எட்டிப் பார்ப்பதற்குள் வழிகாட்டியின் கொடி நகர்ந்துவிடுகிறது. கரடியைச் சின்னமாகக் கொண்ட இத்தாலியின் ஓர்சினி குடும்பத்தோடு தங்களுக்கு உறவு உண்டென்று ரோசன்பெர்க்குகள் சொல்லிக்கொண்டார்கள் என்பதை விளக்கக்கூட அவருக்கு நேரம் இருப்பதில்லை. 162 படிகள் ஏறிக் கோபுர உச்சிக்குப் போவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

என் பெரிய ஆதங்கம் கோட்டைக்குள் இருக்கும் அரங்கைப் பற்றியது. எக்கன்பெர்க் இளவரசர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய நாடகக் கொட்டகையை 1765-66இல் ஷ்வார்சன்பெர்க் இளவரசர் புதுப்பித்தார். அன்றைய மேடை, வண்ணத் திரைகள், உடைகள், எந்திர அமைப்பு ஆகியவை பெருமளவு அப்படியே நிலைத்திருக்கின்றன. இதற்கு இணையாகச் சொல்வதென்றால் ஸ்வீடனின் ட்ராட்னிங்ஹோம் அரண்மனை அரங்கைச் சொல்லலாம். மேடைக்கு அடியில் ஆட்கள் மர உருளையைச் சுழற்றினால், கயிறுகள் இழுபட்டு, இரு பக்கத்துத் தட்டிகளும் ஒரே நேரத்தில் விலகிப் புதிய தட்டிகள் முன்னே வருகின்றன; பார்வையாளர் கண்ணெதிரிலேயே அரண்மனை காடாகிவிடுகிறது. காற்றின் ஓசைக்கும் மழையின் ஓசைக்கும் இடியோசைக்கும் தனித்தனி மரக் கருவிகள் உண்டு. தெருக்கூத்தையும், ஜாலத் திரைகளுக்குப் பேர்போன கம்பெனி நாடகங்களையும் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த நம்மவர்கள் அந்த மேடையின் முன் எவ்வளவு நேரமும் நிற்பார்கள். ஆனால் குளிர்காலத்தில் அரங்கு திறப்பதில்லை. மற்ற மாதங்களிலும் சிறு குழுக்களையே உள்ளே விடுகிறார்கள். முன்பதிவு இல்லாமல் இரண்டு மணி நேர நிறுத்தத்தில் அதைப் பார்க்க இயலாது.

மாலையில் பேருந்துகள் கிளம்பிய பிறகுதான் ஊர் தன் அளவுக்குத் திரும்புகிறது. பகலெல்லாம் படமெடுப்போர் நெருக்கும் லாசெப்னிட்ஸ்கி பாலத்தில் நின்று ஆற்றின் ஓசையைக் கேட்கலாம். ஓவியர் ஏகான் ஷீலேயின் தாய் பிறந்த ஊர் இது. 1911இல் அவர் இங்கே குடியேறினார். அவருடைய வாழ்க்கை முறையைப் பொறுக்காத ஊரார் அதே ஆண்டில் அவரை வெளியேற வைத்தார்கள். ஆயினும் இந்தக் கூரைகளையும் கரிய ஆற்றையும் மேலிருந்து பார்த்த கோணத்தில் அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். அவர் பெயரால் இன்று ஒரு கலை மையம் உண்டு. மைய வீதிகளிலிருந்து சற்று விலகி, 1909இல் கட்டப்பட்ட யூத வழிபாட்டுக்கூடமும் இருக்கிறது. நாஜிகள் யூதர்களை அழித்த பின் அதைப் பயன்படுத்த இங்கே ஒரு சமூகமே மிஞ்சவில்லை. போர் முடிந்ததும், தலைமுறைகளாக இங்கே வாழ்ந்த ஜெர்மன் மொழி பேசும் மக்களும் வெளியேற்றப்பட்டார்கள். இவ்வளவையும் அழகான கூரைகளின் பின்னணியில் ஒரு நிழற்படமாகச் சுருக்குவது அந்த ஊருக்கு நாம் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

ஊராரின் நிலையையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வீடுகள் விடுதிகளாகவும் நினைவுப்பொருள் கடைகளாகவும் மாறிப் பழைய நகரில் குடியிருப்போர் மிகவும் குறைந்துவிட்டார்கள். 2018இல் கடேஜினா ஷேடா என்ற செக் கலைஞர், அங்கே வந்து தங்கி அன்றாட வாழ்க்கை வாழ்வதற்காகவே குடும்பங்களுக்கு ஊதியம் கொடுத்து அமர்த்தி, இந்த வெறுமையை உலகின் கண்முன் வைத்தார். 2019 முதல் சுற்றுலாப் பேருந்துகள் முன்பதிவு செய்து, கட்டணம் செலுத்தியே ஊருக்குள் வர முடிகிறது. வந்து நெரித்துவிட்டுப் போகும் கூட்டத்தைவிட, தங்கி, அங்கேயே உண்டு, காலையில் ரொட்டிக் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லும் விருந்தினர் அவ்வூருக்கு நல்லவர்.

உங்கள் சிரமங்கள் எனக்குப் புரிகின்றன. நாற்பது பேரை ஒரே விடுதியில் தங்க வைப்பது அங்கே கடினம். அதனால்தான் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செஸ்கே புட்யயோவிட்சேயின் பெரிய ஓட்டல்கள் வசதியாகத் தெரிகின்றன. ஆனால் குழுவை இரண்டு மூன்று விடுதிகளில் பிரித்துத் தங்க வைக்கலாம். பெரிய பெட்டிகளைப் பேருந்திலேயே விட்டுவிட்டு, ஓர் இரவுக்கான கைப்பையோடு நடக்கச் சொல்லலாம். தயிர் சாதமும் ஊறுகாயும் ஒரு வேளை இல்லாவிட்டால் யாரும் வருந்தப் போவதில்லை. செலவு கூடுமென்றால் பட்டியலில் ஒரு நாட்டைக் குறையுங்கள். பத்து நாடுகள் என்று விளம்பரத்தில் போடுவதைவிட ஒன்பது நாடுகளை உருப்படியாகக் காட்டுவது மேல்.

வரும் கோடைத் திட்டத்தை அச்சிடுமுன் இரண்டு காரியங்களையாவது செய்யுங்கள்: ஒவ்வொரு ஊரிலும் உண்மையில் எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் என்பதை விளம்பரத் தாளிலேயே குறிப்பிடுங்கள், செஸ்கி க்ரும்லோவில் தங்கும் குழுக்களுக்கு அரங்கின் நுழைவுச்சீட்டை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு பயணம் செய்யும் பல்லாயிரம் பேரில் ஒருவர்