மாஸ்டரையே கொடுத்துவிட்ட குழு

ஆசிரியருக்கு,

வினைல் இசைத்தட்டுகள் மறுபடி விற்பது பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டிருக்கிறது.

மெல்போர்னைச் சேர்ந்த கிங் கிஸ்ஸர்ட் அண்ட் தி லிஸர்ட் விசர்ட் என்ற பரிசோதனை ராக் குழு, 2017 ஒரே வருடத்தில் ஐந்து ஆல்பங்கள் வெளியிட்டது. நான்காவது ‘பாலிகோண்ட்வானாலேண்ட்’, கனவில் மிதப்பது போல ஒலிக்கும் சைக்கடெலிக் ராக் வகை. நவம்பரில் அதை இலவசமாக விட்டார்கள். அதோடு நிற்கவில்லை. தட்டு அச்சடிக்கத் தேவையான ஒலிக்கோப்புகளையும் அட்டைப் படத்தையும் சேர்த்துக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் தட்டோ கேசட்டோ போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பல நாடுகளில் சின்னச் சின்ன கம்பெனிகள் போட்டன. கம்பெனியே இல்லாத ரசிகர்கள் சீட்டு சேர்ப்பது போல இணையத்தில் முன்பணம் திரட்டி அச்சடித்தார்கள். ஆளுக்கொரு நிறத்தில் தட்டு!

எண்பதுகளில் திருச்சி பாலக்கரையில் நான் கேசட் பதிவுக் கடை நடத்தினேன். எல்.பி. தட்டைத் துடைத்து, ஊசியை மெதுவாக இறக்கி, லெவல் முள் சிவப்பைத் தொடாமல் 90 நிமிட டி.டி.கே. கேசட்டில் பதிந்து, பாட்டுப் பெயர்களைக் கையால் எழுதிக் கொடுப்பேன். பிரதிகள் எடுப்பதற்கு மூலமான மாஸ்டர் டேப்பை இசைக் கம்பெனிகள் எங்களுக்குக் கண்ணில்கூடக் காட்டமாட்டார்கள். அதனால்தான் இந்தக் குழுவின் மனசு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் முதல் பாட்டை என் பேரன்தான் போட்டுக் காட்டினான். டிரம்ஸும் கிடாரும் பின்னிக்கொண்டு போவதைக் கேட்டு அசந்துவிட்டேன். ஞாயிறு இணைப்பில் இந்த ஆல்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஒரு பழைய கேசட் கடைக்காரர்,
பாலக்கரை, திருச்சி.