குடவோலைக் கல்வெட்டும் இணையத் தேடலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சோழர் கால ஊராட்சி பற்றிய ஆய்வேடுகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டு தவறாமல் வரும். குடவோலைக்குத் தகுதியான வயது 30-க்கு மேல் 60-க்குள் என்று ஓர் இணையப் பக்கம் சொல்லும்; 35-க்கு மேல் 70-க்குள் என்று இன்னொன்று சொல்லும். மாணவர் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து, அடிக்குறிப்பில் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டுவிடுகிறார். உண்மையில் இரண்டுமே கல்வெட்டில் உள்ளவை. முதலாவது, முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டு விதி; இரண்டாவது, 14-ஆம் ஆண்டில் திருத்திய விதி. 1904–05-க்கான இந்தியத் தொல்லியல் துறை ஆண்டறிக்கையில் கல்வெட்டறிஞர் வெங்கையா இவற்றை வெளியிட்டார். அந்த அறிக்கைகளின் ஸ்கேன் பிரதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பிறகு ஏன் கண்ணில் படவில்லை? பெரும்பாலும் எழுத்துக்கூட்டல்தான் காரணம். பழைய ஆங்கில நூல்களில் இவ்வூர் 'உத்தரமல்லூர்' என்றும் வரும். சிலப்பதிகாரத்தை 'எஸ்' போட்டுத் தேடுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அகராதியின் எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றும் ஆய்வாளர்கள் அதை ஆங்கில 'சி'யில் தொடங்குகிறார்கள். ஆகவே ஒரு பெயருக்கு மூன்று, நான்கு வடிவங்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தனித்தனியே தேட வேண்டும். ஸ்கேன் நூல்களில் உள்தேடலையும் நம்ப முடியாது. எழுத்தின் மேல் கோடும் கீழே புள்ளியும் இருந்தால் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் குழம்பிவிடும். பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கத்துக்குப் போவதே வழி. அடிக்குறிப்பில் தருவது அச்சுப் பக்க எண்ணாக இருக்கட்டும். திரையில் தெரியும் எண் முகப்புத்தாள், படத்தாள்களையும் சேர்த்து எண்ணியது.

தமிழ் ஆய்வேடுகளுக்கு இன்னொரு தடை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இத்தகைய ஏடுகள் கூகுளில் தமிழ்ச் சொல்லுக்குச் சிக்கா. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்திலேயே தலைப்பு, நெறியாளர் பெயர், துறை என்று தேட வேண்டும். அங்கே இயல்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். துணைநூற்பட்டியல் கோப்பை முதலில் திறப்பது நல்லது. பல சமயம் ஆய்வேட்டைவிட அந்தப் பட்டியலே அதிகம் உதவும்! தமிழ் இலக்கியங்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னுரைகள் தேடுவதற்கு அருமையானவை. ஆனால் பாடவேறுபாடு பற்றி எழுதுவோர் அச்சுப் பதிப்பின் ஸ்கேனைத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஒப்பிட்டே மேற்கோள் காட்ட வேண்டும்.

இதழ்கள் விஷயம் இப்போது இன்னும் சிக்கல். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. தரம் பார்க்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களின் தலையில் விழுந்திருக்கிறது. இதழ்களுக்குத் தரப்படும் ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதைத் தரச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது வெறும் அடையாள எண், எட்டு இலக்கம், அவ்வளவுதான். அதன் பயன் வேறு: ஐஎஸ்எஸ்என் தளத்தில் அதை இட்டு, இதழின் பெயரும் பதிப்பாளரும் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். நல்ல இதழின் பெயரைத் திருடி நடத்தும் போலித் தளங்கள் சில இங்கே அகப்படும். கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் ஏற்பு மடல் அனுப்பும் இதழில் யாரும் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் நூற்பட்டியலில் ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், கட்டுரை இருக்காது. இணையத்தில் கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணை அதற்குரிய தளத்தில் இட்டால் சில திறக்கா; சில சம்பந்தமில்லாத வேறு கட்டுரைக்குப் போகும். தமிழ் இதழ்கள் பலவற்றுக்கு டிஓஐ கிடையாது. அவற்றுக்கு அந்த இதழின் பொருளடக்கத் தாளைத் திறந்து, தொகுதி, இதழ், பக்கம் மூன்றையும் சரிபார்க்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். ஆய்வேட்டைத் திருத்தும் நெறியாளர்கள் பட்டியலிலிருந்து ஏதாவது பத்தை எடுத்து இப்படித் திறந்து பார்த்த பிறகே கையொப்பமிடலாமே.

ஆய்வு நூலகர்,
மதுரை