இரண்டே வண்ணத்தில் ஒரு காலண்டர்

சென்னை,
ஆனி 5

அன்புள்ள முத்து,

உன் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைக் கேள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த காலண்டர் படக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே. கிழிந்தது, கறை படிந்தது என்று ஒரு தாளைக்கூடத் தள்ளாதே. சுருட்டி ரப்பர் பேண்டும் போடாதே, வெயிலுக்கு இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் நியூஸ்பேப்பர் வைத்தால் படம் மஞ்சளாகிவிடும். வெள்ளைத் தாள் இருந்தால் இடையில் வைத்து, கட்டிலுக்கடியில் மட்டமாகப் பரத்தி வை. மாதக் கடைசியில் நான் வந்துவிடுவேன்.

முருகன் படத்தின் ஓரத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது, ஒன்று சி. கொண்டையராஜு, மற்றது தெளிவாக இல்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது அவருடைய மாணவர் பெயராக இருக்கும். டி. எஸ். சுப்பையாவா, ராமலிங்கமா, அருணாசலமா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து எழுது. குருவும் சிஷ்யரும் ஒரே படத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பட்டறை நம் ஊரில் இருந்திருக்கிறது. பன்னிரண்டாவது முடிக்கிற வரை நமக்கு இது தெரியாமலே போய்விட்டதே, முத்து! சென்னைக்கு வந்து, எழும்பூர் கவின்கலைக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்தபோதுதான் நம் கோவில்பட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது. கொண்டையராஜு 1898இல் பிறந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். 1940களில் கம்பெனி நம் ஊரில் கலைந்தது, இவர் அங்கேயே தங்கிவிட்டார். ஸ்டுடியோ வைத்தார், பையன்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் வரைய, சிவகாசியில் அச்சாகி, தென்னாடு முழுக்க வீட்டுச் சுவர்களில் அந்தச் சாமிகள் ஏறின. ஆச்சி தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற லட்சுமி, நம் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பிறந்த லட்சுமியாக இருக்கலாம்.

படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருந்தாய். போன தடவை மழுப்பி எழுதினேன். இந்தத் தடவை முழுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் உன் உதவியும் வேண்டும்.

நான் வேலைக்குப் போகவில்லை. சொந்தமாகச் செய்யப் போகிறேன். முதல் சரக்கு ஒரு காலண்டர். ஆறு தாள், தாளுக்கு இரண்டு மாதம். சாமி படம் இல்லை, நம் ஊர் படம். கடலை மிட்டாய் போடுகிற இடம் ஒன்று. தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் ஒன்று. கரிசலில் பருத்தி எடுப்பது. சாயங்காலம் ஹாக்கி மைதானத்தில் மட்டையோடு நிற்கிற பையன்கள். கழுகுமலை வெட்டுவான் கோயில். இந்த ஐந்தும் முடிவாகிவிட்டன.

கழுகுமலைக்குப் போன பொங்கல் லீவில் மூன்று நாள் தொடர்ந்து போனேன், உனக்குக்கூடச் சொல்லவில்லை. சில்பியின் கோயில் சித்திரங்களைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை. விகடனில் வருஷக்கணக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தவர் அவர். கல்லின் சொரசொரப்புகூட அவர் கோட்டில் தெரியும். நானும் சிற்பத்துக்கு எதிரே உட்கார்ந்து, போட்டோ எடுக்காமல், கண்ணால் பார்த்தே வரைய வேண்டும் என்று போனேன். முதல் நாள் ஒரு பூதகணத்தின் தொப்பையும் முழங்காலும் மட்டும்தான் வந்தன. மூன்றாம் நாள்தான் அதன் சிரிப்பு பிடிபட்டது. உதட்டில் இல்லை அந்தச் சிரிப்பு, மேலே தூக்கிய கன்னத்தில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் கோயில் அது. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்தவர்கள் அடிப்பகுதியை முடிக்காமலே விட்டுவிட்டார்கள். விமானம் அவ்வளவு நுணுக்கம், கீழே உளி தொட்டும் தொடாத பாறை. காலண்டர் படத்திலும் அப்படியே விடப் போகிறேன். மேலே நெருக்கமான கோடு, கீழே வெறும் தாள்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். கேட்க அலுப்பாக இருந்தாலும் படி, கடைக் கணக்குப் பார்க்கிற நீதான் இதைச் சரிபார்க்க வேண்டும்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பேசினேன். மல்டிகலர் என்றால் மைக்கு ஒன்றாக ஒரு தாளுக்கு நான்கு அச்சுப் பிளேட். ஆறு தாளுக்கு 24 பிளேட். ஒரு பிளேட் 350 ரூபாய் என்றார்கள், பிளேட்டுக்கு மட்டும் 8,400. நூறு பிரதி அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் பிளேட் செலவு அதேதான். நான் அடிக்கப் போவதோ 500. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் காலை என் பென்சில் டப்பாவைத் திறந்தபோது, நாம் எட்டாம் வகுப்பில் சேர்த்தோமே, அந்தத் தீப்பெட்டி லேபிள்கள் கண்ணில் பட்டன. சேவல் போட்டது ஒன்று இருக்குமே. அதை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கறுப்பும் சிவப்பும், இரண்டே மை. கொண்டையில் சிவப்பு கொஞ்சம் விலகி, கோட்டுக்கு வெளியே மயிரிழை நகர்ந்து விழுந்திருக்கிறது. அந்த விலகலால்தான் சேவல் தலையை ஆட்டுகிற மாதிரி இருக்கிறது. தாளின் மஞ்சள் நிறமே மூன்றாவது வண்ணமாக வேலை செய்கிறது.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். இரண்டு வண்ணம். கறுப்பு ஒன்று, நம் ஊர் செங்கல் சிவப்பு ஒன்று. 12 பிளேட் போதும். முழு வண்ணத்தில் வரைந்து வைத்திருந்த பருத்திக்காட்டுப் படத்தை எடுத்து மறுபடி இரண்டு வண்ணத்தில் வரைந்தேன். பச்சையும் நீலமும் போனதும் படம் எழுந்து நின்றது. பருத்தி வெறும் தாளாக வெள்ளையாக நிற்கிறது, மண் முழுக்கக் கறுப்பு, அந்த அம்மாவின் சேலை மட்டும் சிவப்பு. கரிசலுக்கு வேறு வண்ணம் எதற்கு? பணத்துக்காகக் குறைத்தேன், ஆனால் நான் நான்கு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த என் கை அங்கே கிடைத்துவிட்டது.

இப்போது கணக்கு. 500 பிரதி, பிளேட், தாள், அச்சு, மேலே தகரப் பட்டி எல்லாம் சேர்த்து 29,000. ஒன்றுக்கு 58 ரூபாய். பாதியை, அதாவது 250ஐ, கடைகளுக்கு அவர்கள் பெயர் போட்டு 95 ரூபாய்க்குக் கொடுப்பது. மீதி 250ஐத் தனியாக 150க்கு விற்பது. கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டாலே 23,750 வந்துவிடும். அதற்குமேல் 35 காலண்டர் தனியாக விற்றால் போட்ட முதல் திரும்பிவிடும். எல்லாம் விற்று, அட்டை, பார்சல் என்று 3,000 கழித்தால் கையில் 29,250 நிற்கும். ஆறு படத்துக்கு 36 நாள் உழைப்பு. நாளுக்கு 800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. என் உழைப்பையும் நாள் கணக்கில் எழுதிவைக்க இந்த வருஷம்தான் பழகியிருக்கிறேன். விலையை ஏற்றக் கூச்சப்படுகிற ஊர் நம் ஊர். தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆக 14 வருஷம் பிடித்தது, 2021 டிசம்பரில்தான் ஏற்றினார்கள். அந்தக் கூச்சம் என்னிடமும் இருக்கிறது, அதனால்தான் எண்ணைத் தாளில் எழுதி முன்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.

முதலுக்கு என் சேமிப்பு 18,000. கடைகளிடம் பாதி அட்வான்ஸ் வாங்கினால் போதும், கடன் வேண்டாம். ஜிஎஸ்டி பற்றிக் கேட்டிருந்தாய். படம் வரைந்து கொடுப்பது சேவைக் கணக்கில் வரும், அதற்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. நமக்கு இப்போது அந்தக் கவலை இல்லை. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு மட்டும் செய்துவிட்டேன், அதற்குக் கட்டணம் கிடையாது.

சேமிப்பு எங்கிருந்து வந்தது என்கிறாயா? கல்யாணப் பத்திரிகை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பத்திரிகைக் கடைகள் வரிசையாக இருக்கும். மாப்பிள்ளை பெண்ணை அப்படியே கோட்டோவியமாக வரைந்து பத்திரிகையில் போடுவது இப்போது எல்லாருக்கும் பிடிக்கிறது. ஒன்றுக்கு 2,500 வாங்குகிறேன். இது என் மனசுக்குப் பிடித்த வேலை என்று சொல்லமாட்டேன், ஆனால் சோறு போடுகிற வேலை, மரியாதையோடு செய்கிறேன். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. 1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் மணல்மேட்டை வாங்கி ஊர் அமைத்தார்களே, அந்த நிலத்துக்கான பணம் மெழுகு வைத்துச் சாயமேற்றுகிற பாட்டிக் துணி மாதிரியான கைவேலைகளை விற்றுச் சேர்த்தது. ஓவியம் விற்கும்வரை காத்திருக்காமல் கைத்தொழிலால் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள், ஓவியத்தை யாருக்காகவும் மாற்றவில்லை. எனக்குப் பாட்டிக், கல்யாணப் பத்திரிகை. ஆடி பிறந்தால் முகூர்த்தம் இல்லை, அந்த மாதம் முழுக்க என்னுடையது. மார்கழியும் அப்படித்தான். பஞ்சாங்கமே எனக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருஷம் ஒரு ஜவுளிக் கடைக்கு மயில் படம் ஒன்று வரைந்து கொடுத்தேன், 3,000 ரூபாய். ஒரே ஒரு விளம்பரத் தட்டிக்கு என்றுதான் வாய்ப்பேச்சு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்களுடைய எல்லாக் கிளைகளிலும் துணிப்பையில் என் மயில். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா மடியில் அந்தப் பை. போய்க் கேட்டேன், “காசு கொடுத்தாச்சேம்மா” என்றார்கள். அழுகையாக வந்தது. அப்புறம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். கூலி கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். வரைந்தவள் இல்லை! எழுத்தில் இருந்தால் நிலைமை வேறு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போதும் எத்தனை வருஷம் என்று போடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எங்கே என்று போடாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். இப்போது ஒரு பக்கத்தில் தமிழில் ஒப்பந்தத் தாள் தயார் செய்துவிட்டேன். எதற்கு, எத்தனை நாளுக்கு, எந்த அளவில், உரிமை யாருக்கு. கையெழுத்து வாங்கிய பிறகுதான் பென்சிலைத் தொடுகிறேன். கல்லூரியில் ஜூனியர்களுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தேன்.

ஏட்டி, உன் கடைக்கும் அதே தாள்தான் வரும், கோபித்துக்கொள்ளாதே. கடலை மிட்டாய் டப்பாவுக்குப் படம் கேட்டிருந்தாய் அல்லவா, அதைக் கண்டிப்பாகச் செய்கிறேன். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த மிட்டாய், டப்பாவில் எங்கிருந்தோ எடுத்த ரோஜாப்பூ படம் போட்டு விற்பது எனக்குத் தாங்கவில்லை. நம் கரிசல் கடலை தெரிய வேண்டும். போன தடவை உங்கள் பட்டறையில் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. பாகு பதம் வந்ததும் மாரியக்கா கடலையைக் கொட்டிக் கிளறி, மேசையில் போட்டு உருளையால் இழுக்கிறாள். ஆறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். கட்டை விரலின் பக்கவாட்டால் ஓரத்தை அணைத்துக்கொண்டு அவள் வெட்டுகிற வேகம்! அந்தக் கட்டை விரலைப் பதினேழு தடவை வரைந்து பார்த்துவிட்டேன். டப்பாவில் அந்தக் கைதான் வரும். காலண்டரின் முதல் தாளிலும் அதே கை. டப்பாவின் நீள அகல உயரத்தை அளந்து அனுப்பு, மூடி மடிப்பை மறக்காமல் அள.

நாளும் அதிகம் இல்லை. ஆடி 18 அன்று சிவகாசியில் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டுவிடுவார்கள், கடைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்க ஆரம்பிப்பார்கள். அதற்குள் இரண்டு தாளாவது மாதிரிக்கு அடித்து, நாம் இரண்டு பேருமே கடை கடையாக ஏறிக் காட்ட வேண்டும். மெயின் ரோட்டில் உனக்குத் தெரியாத கடை இல்லை. உன் கடைக்கு எத்தனை என்று அம்மாவிடம் பேசி வை, நூறு எடுத்தால் எனக்குப் பெரிய தைரியம்.

ஆறாவது தாள் என்ன என்று ரொம்ப நாளாகப் பிடிபடவில்லை. உன் கடிதம் வந்த பிறகு தெரிந்துவிட்டது. தாத்தாவின் படக் கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு ஆச்சி ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். அதுதான் படம். நான் வரும்வரை அவள் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டாம். முதல் தடவை பார்க்கும்போது நான் எதிரே இருக்க வேண்டும். கேட்டு வை, காதுப் பாம்படத்தைக் கழற்றி வைத்துவிட்டதாகச் சொன்னாயே, அன்று ஒரு நாள் மட்டும் போட்டுக்கொள்வாளா?

அன்புடன்,
கயல்