திருகைப் படத்துக்கு ஒரு கையெழுத்து

கோண்டாவில்

அன்புள்ள குலம்,

உம்முடைய கடிதம் கிடைத்தது. மகளுக்கு பேர்ணிலேயே வேலை சரிவந்ததில் எங்கள் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். இங்கே அனைவரும் சுகம்.

"உங்கள் மில் கறித்தூள் கனடாவில் நன்றாகத்தானே போகிறது, பிறகு ஏன் அங்கே பெயரைப் பதியக் காசைக் கொட்டுகிறீர்?" என்று கேட்டிருந்தீர். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் உம்மிடம் ஒரு வேலையும் இருக்கிறது.

கொழும்பில் புலமைச் சொத்து அலுவலகத்தில் தூளின் பெயரையும் பையில் இருக்கிற திருகைப் படத்தையும் வர்த்தகக் குறியாகப் பதியக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பதிவு இலங்கைக்குள் மட்டும்தான் செல்லும். ரொறன்ரோவில் வேறொருவர் அதே பெயரைத் தனக்கென்று பதிந்துவிட்டால், எங்கள் தூளை எங்கள் பெயரிலேயே அங்கே விற்க முடியாமல் போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு ஊறுகாய்க்காரருக்கு இது நடந்தது. சரக்கை எடுத்து விற்றவரே பெயரையும் பதிந்து வைத்திருந்தார். விலையில் பிணக்கு வந்த பிறகுதான் விசயம் வெளியே வந்தது. சரக்கை விற்றுத் தருகிற முகவர் இப்படிச் செய்தால் எதிர்த்துக் கேட்க, இந்த உரிமைகளுக்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்த பரிஸ் சமவாயத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த வழக்குச் செலவை எங்களைப் போன்ற ஒரு மில் தாங்காது.

எங்கள் சரக்கை இறக்குகிறவரும், "என்ர கொம்பனி பெயரில போடுறன், உங்களுக்குச் செலவில்லை" என்றார். நல்ல மனிசன், மனதாரத்தான் சொன்னார். இருந்தாலும் மறுத்துவிட்டேன். காணியை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்பதற்காக உறுதியை அவர் பெயரிலா எழுதுவோம்? நாளைக்கு அவர் கொம்பனியை விற்றால் எங்கள் பெயரும் சேர்ந்தல்லவா போகும்!

ஐரோப்பாவுக்கு ஒரே பதிவு போதும் என்று எழுதியிருந்தீர். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கு மட்டும்தான். லண்டன் 2021 தொடக்கம் அதற்கு வெளியே. சுவிசும் நோர்வேயும் ஒருபோதும் உள்ளே இருக்கவில்லை. பரிஸ் லா சப்பல் கடைக்கு உதவும் பதிவு, நீர் சாமான் வாங்குகிற பேர்ண் கடைக்கு உதவாது. எங்கள் சனம் இருக்கிற இடங்களைப் பார்த்தால் பாதி வெளியேதான். அதற்காக எல்லா நாட்டிலும் எழுதி வைப்பதும் வீண். கனடாவில் 3 வருடம், பிரித்தானியாவில் 5 வருடம் விற்காமல் கிடந்தால், அந்தப் பதிவை நீக்கச் சொல்லி மற்றவர்கள் கேட்கலாம். அதனால் இப்போது கனடா, அடுத்தது லண்டன்.

'யாழ்ப்பாணத் தூள்' என்பதையே பதிந்தால் என்ன என்று மகன் கேட்டான். பொருளின் பெயரையும் அது வருகிற ஊரின் பெயரையும் கனடாவில் அப்படி ஒருவருக்குக் கொடுக்கமாட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. சுன்னாகத்தில் இடிக்கிறவருக்கும் சாவகச்சேரியில் இடிக்கிறவருக்கும் அந்தப் பெயர் சொந்தம். சிலோன் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிடைத்தது போல, ஊரோடு சேர்ந்த பெயருக்குப் புவிசார் குறியீடு என்ற வேறு வழி இருக்கிறது. எங்கள் பனங்கட்டிக்கும் ஒருநாள் அது கிடைக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

சரி, உம்முடைய வேலைக்கு வருகிறேன். பையில் இருக்கிற திருகையை வரைந்தவர் நீர். ரொறன்ரோவில் எங்கள் பதிவு வேலையைப் பார்க்கிற முகவர் முதலில் கேட்டதே "படம் யாருடையது?" என்றுதான். எழுத்தில் கொடுக்காதவரை அதன் உரிமை வரைந்தவருக்கே. எங்களுக்கு மாற்றித் தருவதாக ஒரு கடதாசி இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் கையெழுத்திட்டு அனுப்பும். அதற்கு ஒரு தொகையும் போட்டிருக்கிறேன், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதேயும்.

கொஞ்சம் அவசரம். கொழும்பில் கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கனடாவில் கொடுத்தால், கொழும்புத் திகதியையே அங்கும் கணக்கில் எடுப்பார்கள்.

இன்னொன்று. திருகை வாயில் தூள் சிந்துகிற மாதிரி நீர் 3 புள்ளி வைத்திருந்தீர். அச்சகம் மாறியபோது ஒன்று விடுபட்டு, இப்போது பையில் 2தான் இருக்கிறது. பதிகிற படமும் பையில் வருகிற படமும் ஒன்றாக இருப்பதுதான் நல்லது. மனிசி உம்முடைய பழைய படம்தான் வேண்டும் என்கிறா, எனக்கும் அதே எண்ணம். புதுப் பைகள் அடிக்க முதல் 3 புள்ளியோடு ஒருக்கால் வடிவாக வரைந்து அனுப்புவீரா?

அன்புடன்,
ரவி