புதுசு எடு என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி

டர்பனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

கடைப் பெயர் சொல்லி யாரையும் வம்புக்கு இழுக்கப் போவதில்லை. போன மாதம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகன், கேம் திக்கித் திக்கி ஓடுகிறது, எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) 24க்கு இறங்கிவிடுகிறது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உங்களில் ஒருவரிடம் வந்தான். அவர் திறந்துகூடப் பார்க்காமல் "இது பழசுப்பா, புதுசு எடு" என்று 19,000 ராண்டுக்கு விலை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் அக்காவுக்கு அது எத்தனை மாதக் காசு தெரியுமா?

"ஆரம்பத்திலிருந்தே இப்படியா, கொஞ்ச நேரம் ஓடின பிறகா?" என்று மட்டும் கேட்டிருக்கலாம். அவன் பதில் சொல்லியிருப்பான்: தொடங்கும்போது 60 வருகிறது, கால் மணி நேரம் கழித்துத்தான் சரிகிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தெம்பு இல்லையென்றால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்; நன்றாக ஓடி அப்புறம் படுத்துக்கொண்டால் பெரும்பாலும் சூடுதான், ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நம் ஊர் ஜனவரிப் புழுக்கத்தில், அதுவும் மெத்தை மேல் வைத்து விளையாடும் பையன்களிடம், வேறு எதை முதலில் கேட்பது?

நானே திறந்தேன். ஃபேனைக் கழற்றினால், காற்று வெளியேறும் செப்புத் தகடுகளுக்கு முன்னால் கம்பளித் துண்டு மாதிரி ஒரு தூசிப் பட்டை, விரலால் முழுசாக உரித்தெடுக்க முடிந்தது. ப்ராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகக் கிடந்தது. சூடு 97 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது, துடைத்து பேஸ்ட் மாற்றியதும் 81இல் நின்றது, ஒரு மணி நேரம் விளையாடியும் எஃப்பிஎஸ் 55க்குக் கீழே போகவில்லை.

2023இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோதும் கரண்ட் போனால் இதே லேப்டாப்பில் எஃப்பிஎஸ் 30க்கு மேல் போகாது, கெட்டுப்போச்சு என்று பையன் அழாத குறை. 27, 34 என்று தத்தளிக்காமல் 30இல் ஆணியடித்த மாதிரி நின்றால் அது பூட்டு: பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சில லேப்டாப்கள் அப்படிப் போட்டுவிடும். பூட்டை எடுத்தாலும் சார்ஜரில் வரும் வேகம் பேட்டரியில் வராது, அது வேறு கதை.

டெஸ்க்டாப்காரர்கள் வந்தால், மானிட்டர் கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா மதர்போர்டிலா என்று முதலில் பாருங்கள் (சிரிக்காதீர்கள், நானே ஒரு வாரம் அப்படி ஓட்டியிருக்கிறேன்). அப்புறம் ரெசல்யூஷனை (படத்தின் நுணுக்கத்தை) 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டு திணறுகிறது. அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் ப்ராசஸர் பக்கம்தான் கோளாறு, அப்போதும் புதுக் கார்டைத் தலையில் கட்டினால் அதற்குப் பெயர் வியாபாரம் இல்லை.

சும்மா செய்யச் சொல்லவில்லை. தூசி தட்டி பேஸ்ட் போட 400 ராண்ட் என்று பலகையில் எழுதி வையுங்கள், தெருவில் உள்ள அத்தனை லேப்டாப்பையும் நானே கொண்டுவந்து தருகிறேன்.