டொக்டரைக் கேட்காமல் அல்பாகல்சிடோலை மாற்றாதீர்கள்

மட்டக்களப்பு மாவட்ட அரச வைத்தியசாலைகளில் மருந்து வழங்கலுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

மருந்துத் தட்டுப்பாடு பற்றி நான் சொல்லி நீங்கள் அறியவேண்டியதில்லை. 2022இல் கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. அப்போதுகூட நான் யாரையும் நொந்துகொள்ளவில்லை. நாட்டிலேயே இல்லாத மருந்தை, மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே நிற்கிற பிள்ளை எங்கிருந்து எடுத்துத் தருவாள்? இப்போது எழுதுவது வேறு விஷயம். இல்லாத மருந்துக்குப் பதிலாக இன்னொன்றை உறையில் போட்டு, "இதைக் குடிங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எந்த வைத்தியசாலை என்று எழுதவில்லை. ஒரு இடத்தின் பெயரைச் சொன்னால் அங்கே இரண்டு பேரை விசாரித்துவிட்டு மற்ற இடங்களில் அப்படியே விட்டுவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் முன்பள்ளி ஆசிரியை. ஐந்து வருடங்களுக்கு முன் கழலைக்காக எனது கழுத்திலிருந்த தைரொயிட் சுரப்பியை முழுவதுமாக எடுத்தார்கள். அதன் பின்பக்கத்தில் நெல்லுமணி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன, இரத்தத்தில் கல்சியத்தைத் தாங்கிப் பிடிப்பவை அவைதான் என்று ஒப்பரேஷனுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு அவை திரும்ப வேலை செய்யவேயில்லை. அன்றிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் தைரொயிட்டுக்குப் பதிலான தைரொக்சின், நாலு மணித்தியாலம் கழித்துச் சாப்பாட்டோடு கல்சியம், அதோடு விற்றமின் டி வகையைச் சேர்ந்த அல்பாகல்சிடோல், 0.25 மைக்ரோகிராம் கெப்சியூல்கள். இந்த ஒழுங்கில்தான் என் வீட்டு அடுப்பே எரிகிறது.

சென்ற கிளினிக்கில் உறையைத் திறந்து பார்த்தால் வேறு மருந்து. கேட்டேன். "அதுவும் விற்றமின் டி, இதுவும் விற்றமின் டி. அது கால்தானே அம்மா, இது ஆயிரம். கூடின பவர்" என்றார்கள். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. மூன்று மணிக்கு எழும்பி, மண்டூர்த் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, பஸ் பிடித்து நம்பர் எடுத்தவள் நான். திரும்பவும் டொக்டரிடம் போய் நிற்க அன்று எனக்குத் தெம்பில்லை. ஆயிரம் பெரிய எண்தானே என்று நானும் நம்பிவிட்டேன்.

ஆறாம் நாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருந்தது. எட்டாம் நாள் பலகையில் 'ஆ' எழுதிக்கொண்டிருந்தபோது சோக்கட்டி கையை விட்டு விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்க்கிறேன், விரல்கள் விரியவில்லை. மணிக்கட்டு மடங்கி, ஐந்து விரலும் கூம்பி, பெருவிரல் உள்ளே புகுந்து, படமெடுத்த பாம்பின் தலைபோலக் கை அப்படியே இறுகி நின்றது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. "ரீச்சர் பாம்பு காட்டுறா" என்று ஒருத்தி சொல்ல, பதினெட்டுப் பிள்ளைகளும் கையைக் கூப்பிப் பாம்பு காட்டினார்கள். வாயும் இழுத்துக்கொண்டதால் அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லவும் என்னால் முடியவில்லை. கஞ்சி காய்ச்ச வந்த அம்மாதான் ஓடிவந்து, "என்ன புள்ள செய்யுது?" என்று கையைப் பிரிக்கப் பார்த்தா. பிரிக்கப் பிரிக்க நோ உயிர் போனது.

அன்று எனது இரத்தத்தில் கல்சியம் லீற்றருக்கு 1.62 மில்லிமோல். 2.1க்கு மேலே இருக்கவேண்டியது. நெஞ்சில் வயர்களை ஒட்டி, இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே, ஊசியில் கல்சியத்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். இன்னும் குறைந்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் வார்டு டொக்டர். அந்த வார்டில் என்னைக் கவனித்தவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

அவரே விளக்கமும் சொன்னார். சாதாரண விற்றமின் டி உடம்பில் வேலை செய்யவேண்டுமென்றால் முதலில் ஈரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற வேண்டும். சிறுநீரகத்துக்கு அந்தக் கட்டளையைக் கொடுப்பதே அந்த நாலு சுரப்பிகள்தான். எனக்கு அவை வேலை செய்வதில்லை. ஆயிரம் அலகு கொடுத்தாலும் என் உடம்பில் அது பூட்டிய பெட்டிதான். அல்பாகல்சிடோல் சிறுநீரகம் செய்யவேண்டிய அந்த மாற்றத்தை முடித்துக்கொண்டே வருகிறது. அதனால்தான் சிறுநீரகம் பழுதான நோயாளிகளுக்கும் அதை எழுதுகிறார்கள். இந்தக் கணக்கு டொக்டருக்குத் தெரியும், மருந்தாளருக்கும் தெரியும். அந்த யன்னலில் மட்டும் அன்று யாருக்கும் நினைவு வரவில்லை.

ஆகவே கேட்கிறேன்: டொக்டரைக் கேட்காமல் இந்த மருந்தை மாற்றாதீர்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். கடனோ உடனோ பட்டு வெளியில் வாங்கிக்கொள்வோம். இல்லை என்ற சொல் எங்களுக்குப் பழகிப்போனது. பொருந்தாத மருந்தைத்தான் எங்களால் கண்டுபிடிக்க முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? உறையில் எழுதியிருப்பது ஆங்கிலம். எனக்காவது எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். என்னோடு கிளினிக்கில் இருக்கும் வெல்லாவெளிப் பக்கத்து ஐயா ஒருவர் சிறுநீரக நோயாளி. குளிசைகளை நிறத்தால் மட்டும் அடையாளம் வைத்திருக்கிறார். நிறம் மாறினால் அவர் யாரைக் கேட்பார்? போன வருடம் இதே மருந்தைக் கூடுதலாகப் போட்டு, தீராத தாகமும் மலச்சிக்கலுமாகக் கிடந்தவர் அவர். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இரத்தத்தில் கல்சியம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்து இது. அந்தச் சோதனைக்குக்கூட எங்களைத் தனியார் லாப்புக்கு அனுப்புகிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அந்தக் காசுக்குப் பயந்து சோதனையையே தள்ளிப்போடுகிறார்கள். இந்தக் கொளுத்தும் வெயிலில் இருந்துகொண்டு விற்றமின் டி இல்லையா என்று எங்களிடம் சிரித்தவர்களில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களும் உண்டு. வெயில் தோலோடு நிற்கும் ஐயா. மிச்ச வேலையைச் செய்ய உடம்புக்குள்ளே ஆள் வேண்டும்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் தாழ்மையோடு கேட்பது பெரிய காரியமல்ல. இந்த மருந்தில் வாழ்கிறவர்கள் ஒரு கிளினிக்கில் எத்தனை பேர் என்று கொப்பிகளைப் பார்த்தாலே எண்ணிவிடலாம். அந்தச் சிலருக்கு ஒரு மாத இருப்பைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். தீரப் போகிறதென்றால், தீர்ந்த பிறகல்ல, தீருமுன்பே உள்ளூர்க் கொள்வனவு செய்யுங்கள். உறையில் மருந்தின் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், டொக்டரின் கையெழுத்தில்லாமல் அல்பாகல்சிடோலுக்குப் பதிலாக வேறெதையும் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு யன்னலுக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

வெளியில் வாங்கிய கெப்சியூல்களில் இன்னும் பதினொன்று மிச்சமிருக்கிறது. அடுத்த கிளினிக் வரும் வியாழக்கிழமை. அன்றைக்கும் பாதையேறி வருவேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை