சாங்தாங் போகிறவர்களின் பட்டியலில் புல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பைக்கில் லடாக் போவதற்கான வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். ஹெல்மெட் கேமரா, முழங்கால் கவசம், பெட்ரோல் கேன், பஞ்சர் கிட் என்று முக்கால் பக்கத்துக்குப் பட்டியல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் டூவீலர் மெக்கானிக். கோடையில் லடாக் போகிற குழுக்களின் பின்னால் ஸ்பேர் சாமான் வேனில் உட்கார்ந்து போகிற ஆள். அந்தப் பட்டியலில் பாதியை என் கடையிலேயே வாங்குகிறார்கள் என்பதால் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளவும் எனக்கு ஆசையில்லை. ஆனால் கட்டுரையின் கடைசியில், தார் ரோடு முடிந்த பிறகு வருவது ஆளில்லாத வெட்டவெளி, அங்கே இஷ்டம்போல் ஓட்டலாம் என்று இருந்தது. அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கட்டுரை சொல்லும் இடம் கிழக்கு லடாக்கின் சாங்தாங். சாங்பா மேய்ப்பர்கள் ஆடு, செம்மறி, யாக் மாடுகளோடு புல்லையும் நீரையும் தேடி வருஷத்தில் பல முறை கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிற மேய்ச்சல் நிலம் அது. கோர்சோக், சமத், கர்னாக் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் எந்த மாதம் எந்தப் பள்ளத்தாக்கு என்று கணக்கு உண்டு. பஷ்மினா சால்வைக்கான ரோமம் இந்த ஆடுகளிடமிருந்துதான் வருகிறது. கடுங்குளிரைத் தாங்க மேல் ரோமத்துக்கு அடியில் வளரும் மெல்லிய பஞ்சை வெயில் காலம் தொடங்கும்போது சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டில் கால் கிலோ அளவுக்குக் கிடைத்தால் சரி. அந்த ஆடு தின்பது தரையோடு ஒட்டி, விரல் உயரம்கூட இல்லாமல் முளைக்கும் புல்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வெறும் மண் மாதிரிதான் தெரியும். கட்டுரை எழுதியவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

சோ கார் ஏரியிலிருந்து புகா பக்கம் போகும் வழியில் எங்கள் குழுப் பையன்கள் நாலைந்து பேர் வீடியோவுக்காக ரோட்டை விட்டு இறங்கி, ஈரப் புல்வெளியில் வட்டம் போட்டார்கள். பின் சக்கரம் மண்ணைக் கிளப்பி அடித்தது. எங்கிருந்தோ ஓர் அம்மா நடந்து வந்தார். ஒன்றும் திட்டவில்லை. சக்கரம் கீறிய தடத்தில் குந்தி உட்கார்ந்து, பெயர்ந்து கிடந்த புல்கட்டியை எடுத்துத் திரும்பப் பதித்துக் காலால் அழுத்தினார். எங்கள் வேன் டிரைவர் லடாக்கின் பெரிய ஊரான லேயைச் சேர்ந்தவர். "அமா-லே" என்று கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்து இந்தியில் சொன்னார்: "பனிக்காலத்துக்கு என்று ஆட்டை விடாமல் வைத்திருக்கும் இடமாம். இனி அந்தத் தடத்தில் புல் வர எத்தனை வருஷமோ என்கிறார்."

அந்த அம்மா சொன்னது மிகை இல்லை. லேவில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர். நம் ஊரில் ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் அதைக் கொட்டிவிட்டுப் போய்விடும். சாங்தாங்கில் புல் வளர்வதற்குக் கிடைப்பது கோடையின் சில வாரங்கள் மட்டும். 2012–13 குளிர்காலத்தில் பனி அளவுக்கு மீறி விழுந்து, மேய்ச்சல் மூடிப்போய், தீவனம் தீர்ந்து ஆயிரக்கணக்கான ஆடுகளும் குட்டிகளும் செத்தன. அப்படியொரு குளிர்காலத்துக்காக ஒதுக்கி வைத்த புல்லின் மேல்தான் நாம் வட்டம் போட்டு ரீல்ஸ் எடுக்கிறோம். 1962 போருக்குப் பின் எல்லைக்கு அந்தப் பக்கம் போன மேய்ச்சல் நிலம் வேறு. மிச்சமிருப்பதே குறைவு. கர்னாக் ஆட்கள் பலர் மந்தையை விட்டுவிட்டு லேவுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டார்கள். அதற்குக் காரணம் பைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குளிர் என்று எத்தனையோ இருக்கிறது. அதோடு நம் டயரும் சேர வேண்டாம்.

அடுத்தது என் தொழில் சம்பந்தப்பட்டது. ஆயில். வழியில் இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டிவந்தால் பலர் டிரெயின் போல்ட்டைக் கழற்றி அப்படியே மண்ணில் விட்டுவிடுகிறார்கள். செயின் லூப் அடிப்பதும் ஓடைக்கரையில், சேறு கழுவுவதும் ஓடையில். அந்த ஓடைக்கு நூறடி கீழே ஆடு தண்ணீர் குடிக்கும், அதே தண்ணீரில் டீ போடுவார்கள். ஆயில், பில்டர், செயின் எல்லாவற்றையும் லேவிலேயே முடித்துக்கொண்டு சாங்தாங்குக்கு ஏறுங்கள். அங்கே ஒர்க்‌ஷாப்புக்குப் பஞ்சமில்லை. மேலே ஏதாவது ஆனால் பழைய ஆயிலைப் பிடிக்க ஒரு காலி கேன், கசிவைத் துடைக்கப் பழைய துணி, இரண்டையும் வைக்க ஒரு சாக்கு. இதற்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. பெட்ரோல் கேனுக்கு ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே கவிழ்த்துப் பாருங்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது மூடி வழியாகக் கசியும். வண்டியில் ஊற்றும்போதும் கல்தரையில் நிறுத்தி ஊற்றுங்கள்.

வண்டியைப் பற்றிக் கட்டுரையில் இருப்பதே போதும். எப்.ஐ. வண்டி (பெட்ரோலை அளந்து தெளிக்கும் ரகம்) உயரத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டி புகை தள்ளும், திணறும், ஆனால் போகும். பவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையத்தான் செய்யும். ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு கிளட்ச்சைப் பாதி பிடித்தே மேடு ஏறினால் பிளேட் கருகும். அவ்வளவுதான். ரயிலில் பார்சல் போடுகிறவர்கள் டேங்க்கைக் காலி செய்துவிட்டுப் போங்கள். மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்கோடு லேவைத் தாண்டி நுப்ரா, பாங்காங் என்று கிளம்பினால் உள்ளூர் வாடகை வண்டிக்காரர்கள் மறிப்பார்கள். சொந்த வண்டியோ லே வாடகை வண்டியோ என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

வண்டியைவிட எனக்குப் பயம் கொடுப்பது லீவு. சனி, ஞாயிறு சேர்த்து ஒன்பது நாள் என்று ஆபீஸில் வாங்கி வருகிறார்கள். அதற்குள் லே, பாங்காங், ஹான்லே, உம்லிங் லா கணவாய், சோ மோரிரி ஏரி எல்லாம் முடித்தாக வேண்டும். லே 11,500 அடி. சோ மோரிரி கரையில் இருக்கும் கோர்சோக் ஊர் சுமார் 15,000 அடி. உம்லிங் லா 19,024 அடி. அங்கே மூச்சில் இழுக்கும் காற்றில் நம் ஊரில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் பாதிதான். 10,000 அடிக்கு மேலே போனபின் படுத்துத் தூங்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து அறுநூறு அடிக்கு மேல் கூட்டக் கூடாது என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. விமானத்தில் லேவில் இறங்கினால் முழுசாக இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். சும்மா என்றால் மார்க்கெட் சுற்றுவதும் கிடையாது. ரோடு வழியாக வந்தால் ஸ்ரீநகர், கார்கில் பாதை உடம்புக்கு நல்லது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மணாலி பாதையில் சர்ச்சுவில் 14,000 அடியில் படுத்து, ராத்திரி முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோர்சோக்குக்கு லேவிலிருந்து ஒரே நாளில் போய்விடலாம், ரோடு விடும், உடம்பு விடாது. நடுவில் சுமத்தாங்கில் ஒரு ராத்திரி தங்குங்கள். வெந்நீர் ஊற்று இருக்கிற ஊர். குளிக்கவும் அதுதான் கடைசி நல்ல இடம்.

உயர நோய்க்கென்று போடும் டயமாக்ஸ் மாத்திரையை உங்கள் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். சல்பா வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆபத்தாகலாம். ஸ்ப்ரே டப்பா மாதிரி விற்கும் ஆக்ஸிஜன் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதை நம்பி மேலே ஏறுவதும், அது இருக்கிறதே என்று இறங்காமல் இருப்பதும்தான் பிரச்சினை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ அந்த நிமிஷமே கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குழுவில் யாருக்கு அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் என்பதை ஊரிலேயே பேசி வையுங்கள். மேலே போன பிறகு தலைவலிக்காரர் "எனக்கு ஒன்றுமில்லை மச்சான்" என்றுதான் சொல்வார்.

போன் விஷயம் சுருக்கமாக. நம் ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பல இடங்களில் கிடைக்காது. ஜி-பே இல்லாத இடத்துக்குச் சில்லறை நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் போனோ சாட்டிலைட் மெசேஜ் கருவியோ யாராவது வாங்கித் தந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம், அதிலும் இது எல்லைப் பகுதி. டிரோனையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அங்கே அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. உள் பகுதிகளுக்கான கட்டணம், அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருஷம் போனவரைக் கேட்காமல், கிளம்பும் வாரத்தில் லடாக் நிர்வாகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு ஏரிக்கரை டென்ட் கேம்ப்பை விட ஊருக்குள் ஹோம்ஸ்டே என்பது என் கட்சி. காசு அந்த வீட்டுக்கே போகும். கழிப்பறை உலர்முறை. குழியில் மண்ணோ சாம்பலோ தள்ளுவார்கள், அதுவே பிறகு வயலுக்கு உரம். நம் ஆட்கள் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிட்டு வருகிறார்கள். தண்ணீர் இல்லாமல் முடியாது என்பவர்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள், தனியாக இடம் காட்டுவார்கள். சாப்பாடு: அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேகாது. ஸ்டவ்வும் பொன்னி அரிசியும் தூக்கிக்கொண்டு போய் அரைவேக்காட்டுச் சோற்றைக் கொட்டிவிட்டு வராதீர்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் போதும். வறுத்த பார்லி மாவை உப்பு வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து தருவார்கள், கோலக் என்று பெயர். நம் சத்துமாவு மாதிரிதான், தைரியமாகச் சாப்பிடலாம்.

மிச்சச் சோற்றைக் கொட்ட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் நாய். டென்ட் கேம்ப்புகள், ராணுவ முகாம்கள், நம்மைப் போன்றவர்கள் எறியும் எச்சிலைத் தின்று தெருநாய்கள் பெருகிவிட்டன. சீசன் முடிந்து கூட்டம் போனதும் அவை ஆட்டுக்குட்டியையும், சதுப்பில் முட்டையிடும் கருங்கழுத்துக் கொக்கின் குஞ்சையும் தேடிப் போகின்றன. அந்தக் கொக்குதான் லடாக்கின் அடையாளப் பறவை. பிஸ்கட் பாக்கெட் முதல் நாப்கின் வரை கொண்டு போனதெல்லாம் லேவுக்குத் திரும்பி வரட்டும். மேய்ப்பர்களின் காவல் நாய் வேறு ரகம். கூடாரத்தை நோக்கி நேராக நடந்து போகாமல் தள்ளி நின்று "ஜூலே" (அங்கத்திய வணக்கம்) என்று குரல் கொடுங்கள். பால் கறக்கும் நேரத்தில் ஆடுகளை எதிரும் புதிருமாக நிறுத்திக் கழுத்தோடு கழுத்தாக ஒரே கயிற்றில் கட்டியிருப்பார்கள். படம் எடுக்கக் கை பரபரக்கும். கேட்டு எடுங்கள். பக்கத்தில் போய் ஹாரன் அடித்தாலோ சைலன்சரை உறுமவிட்டாலோ மொத்த வரிசையும் மிரண்டு இழுக்கும், கழுத்து அறுபடும். குழந்தைகளுக்குச் சாக்லேட் வாரி இறைக்கும் பழக்கத்தையும் விடலாம். பல் டாக்டர் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹான்லே பற்றியும் ஒரு வார்த்தை. நான் காவலூர் வானாய்வகத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். அதை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குத்தான் ஹான்லேயில் இரண்டு மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, நம் விஞ்ஞானி சந்திரசேகர் பெயரில். அதைச் சுற்றி 2022-இல் ராத்திரி வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இருள் வான் காப்பகம் அறிவித்தார்கள். ஊர்க்காரர்களுக்கே டெலஸ்கோப் கொடுத்து, நட்சத்திரம் காட்டப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது, ஓட்டினால் ஹைபீம் கூடாது. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் முதலில் மாட்டச் சொல்வதே கண்ணைப் பறிக்கும் கூடுதல் எல்.இ.டி. விளக்கு இரண்டு. லடாக்குக்கு என்றால் நான் இப்போது மாட்டித் தருவதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், போகட்டும்.

அடுத்த கோடைக்கு முன் இந்தக் கட்டுரையை மறுபடி போடுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது 'இஷ்டம்போல் ஓட்டலாம்' என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இருக்கிற தடத்தை விட்டு இறங்க வேண்டாம் என்று போடுங்கள். பட்டியலில் இடம் இருந்தால் பழைய ஆயிலுக்கான காலி கேனையும் சாக்கையும் சேருங்கள். விடுமுறை ஒன்பது நாள்தான் என்றால் ஹான்லே, கோர்சோக் இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்.